கழட்டினது யார்? – ஒரு நெட்வொர்க் கொசுவத்தி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் நெட் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மொத்தமாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வரும், போகும், மறுபடி வரும். பையனுக்கு ஆன்லைன் தேர்வு. தங்கமணிக்கு டொராண்டோவில் இருக்கும் தங்கையோடு வாராவாரம் வீடியோவில் பேசும் நேரம். முந்தின நாள்தான் ஹாலில் புது டிவி அலமாரி வந்து, வீடே தலைகீழாகிக் கிடந்தது. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

நெட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். மதியம் மழையில் நனைந்துகொண்டே ஒரு பையன் பைக்கில் வந்தான். திருவண்ணாமலைப் பக்கமாம். பெட்டியைப் பார்த்தான், விளக்குகளைப் பார்த்தான். "லைட்டெல்லாம் சரியா இருக்குங்கண்ணா. லைன்ல பிரச்சினை இல்ல. உள்ள வைஃபைதான்" என்றான். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று எரிந்து விழுந்தேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டான். பத்து நிமிடத்தில் செல்லுக்கு மெசேஜ்: எங்கள் ஊழியரின் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

ஒன்று என்று அடிக்க விரலைக் கொண்டுபோனேன். அப்போதுதான் பழைய நினைவு ஒன்று வந்து கையைப் பிடித்துக்கொண்டது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் வயர், கொஞ்சம் சொந்தக் கதை. டெக்னிக்கல் பதிவு என்று பயந்து ஓடிவிடாதீர்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ நம் எல்லார் வீட்டு மூலையிலும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் பூர்வீகம்தான் இது.

மஞ்சக் கயிறு

1970களின் தொடக்கம். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆல்டோ என்ற கம்ப்யூட்டரைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்பதே அன்றைக்குப் பெரிய ஆடம்பரம். லேசர் பிரிண்டரும் அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. எல்லாருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் அந்த ஒரே பிரிண்டருக்கு எப்படி அனுப்புவது? இந்தச் சாதாரணக் கேள்விக்கு விடையாக 1973 மே 22 அன்று பாப் மெட்காஃப் என்ற இளைஞர் ஒரு குறிப்பு எழுதினார். டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். அதுதான் ஈதர்நெட். வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட்.

யோசனையின் விதை ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971ல் ஆலோஹாநெட் என்ற ரேடியோ வலையை ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். எல்லாத் தீவுக்கும் பொதுவான ரேடியோ. யார் வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் குழம்பிவிடும். பதில் வரவில்லை என்றால் கொஞ்ச நேரம், அதுவும் ஆளுக்கொரு அளவு, சும்மா இருந்துவிட்டு மறுபடி பேச வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

மெட்காஃப் அந்தக் காற்றுக்குப் பதில் ஒரு வயரை வைத்தார். பேசுவதற்கு முன் காதைக் கொடுத்துக் கேள், யாரும் பேசவில்லை என்றால் பேசு, பேசும்போது இன்னொருவர் குரல் மோதினால் நிறுத்து, சற்றுப் பொறுத்து மறுபடி பேசு என்று ஒழுங்கும் கூட்டினார். கல்யாண வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் பேசிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்பார்களே, அதேதான்.

1980ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு இலக்கணம் வகுத்தன. 1983ல் ஐட்ரிபிள்இ அமைப்பு அதைப் பொதுத் தரமாக்கியது. அந்த முதல் வயர் விரல் தடிமன் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறம். ஒரு துண்டு 500 மீட்டர் வரை போகலாம். 2.5 மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஊசி வைத்த கவ்வி ஒன்றைக் கடிக்க விட்டு இணைப்பு எடுக்க வேண்டும். அந்தக் கவ்விக்கு ரத்தக்காட்டேரி என்றே பேர். மஞ்சக் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டால் எல்லாரும் ஒரே குடும்பம் என்பது நம்ம ஊருக்கு ஒன்றும் புதிதில்லையே :-)

வாசல் வரை வந்த சரித்திரம்

பெங்களூர் எப்படி ஐடி நகரமானது என்று கேட்டால் எல்லாரும் ஆகாயத்தைக் காட்டுவார்கள். டெலிபோன் செய்ய 1948லேயே ஐடிஐ தொழிற்சாலை வந்த ஊர் இது. 1978ல் கியோனிக்ஸ் நிறுவனம் ஆர்.கே. பாலிகாவின் முனைப்பில் எலக்ட்ரானிக்ஸ் சிட்டியைத் தொடங்கியது. 1985ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. அவர்கள் முதலில் குடியேறிய மில்லர்ஸ் ரோடு சோனா டவர்ஸ், நம்ம சேலம் சோனா கல்லூரிக் குடும்பத்தாருடையது என்பது பலருக்குத் தெரியாது. இங்கே எழுதியதை அமெரிக்காவுக்கு அனுப்ப அவர்கள் சாட்டிலைட் இணைப்பு வைத்துக்கொண்டார்கள்.

1986ல் மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட்டைத் தொடங்கியது. எட்டு இடங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஒன்று, நம்ம சென்னை ஐஐடி ஒன்று. 1991ல் எஸ்டிபிஐ வந்து சின்னக் கம்பெனிகளுக்கும் சாட்டிலைட் வழி கிடைத்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது.

இதெல்லாம் வாசல் வரை வந்த சரித்திரம். வாசலுக்கு உள்ளே, மேஜைக்கு மேஜை, அந்தத் தகவல் எப்படிப் போனது? ஃபால்ஸ் சீலிங்கில் தலையை விட்டு, எலிப் புழுக்கை நடுவே வயர் இழுத்தது யார்? அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அந்த வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

கால் திருப்பு

1996 ஜூனில் கோவில்பட்டியில் திருவள்ளுவர் பஸ் ஏறி, டிப்ளமா சர்டிபிகேட்டும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்து இறங்கினேன். ஸ்ரீராமபுரத்தில் நான்கு பேரோடு ஒரு அறை. எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு சின்ன நெட்வொர்க் கான்ட்ராக்டரிடம் வேலை. சாதர் பத்ரப்பா ரோடு என்பதுதான் எஸ்.பி. ரோடு. கம்ப்யூட்டருக்குள் போகும் எதையும் அங்கே வாங்கலாம். இன்றைக்கும் அப்படித்தான்.

அப்போது சின்ன அலுவலகங்களில் மஞ்சக் கயிற்றின் ஒல்லித் தம்பிதான் ராஜா. 10பேஸ்2 என்று பெயர். நாங்கள் தின்நெட் என்போம். கேபிள் டிவி வயர் மாதிரி கறுப்பாக இருக்கும். ஆனால் டிவி வயர் 75 ஓம், இது 50 ஓம். அவசரத்தில் டிவி வயரைப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஒரு துண்டு 185 மீட்டர், அதில் அதிகபட்சம் 30 கம்ப்யூட்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரு இணைப்பி. இடது பக்கம் வயர் உள்ளே, வலது பக்கம் வயர் வெளியே, அடுத்த மேஜைக்கு. இப்படியே கோத்துக்கொண்டு போக வேண்டும். பூ கட்டுவது போல.

இரண்டு முனையிலும் கடைசிக் கம்ப்யூட்டரின் டியில் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடியைப் போட்டு கால் திருப்பு திருக வேண்டும். உள்ளே 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். பார்த்தால் பேனா மூடி மாதிரி, ஒன்றுக்கும் உதவாத சாமான் போலத் தெரியும். ஆனால் அது இல்லை என்றால், முனைக்குப் போன மின்துடிப்பு கிணற்றுச் சுவரில் மோதிய குரல் மாதிரி எதிரொலித்துத் திரும்பி வரும். பேசுகிறவர்கள் எல்லாருக்கும் யாரோ குறுக்கே பேசுவதாகவே தோன்றும். எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். ஒரு மூடி கழன்றால் முப்பது கம்ப்யூட்டரும் ஊமை.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கே கழன்றது என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. ஒரு விளக்கும் எரியாது. ஆளாளுக்குப் பக்கத்து மேஜையைப் பார்ப்பார்கள்.

1997ல் ஒரு அலுவலகம். பெயர் வேண்டாம். 24 கம்ப்யூட்டர், நாவெல் நெட்வேர் சர்வர் ஒன்று. வயர் இழுக்க எங்களிடம் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பதினெட்டு வயதிருக்கும். தினக்கூலி. அவன் பி.என்.சி. முனையை கிரிம்ப் செய்தால் இழுத்தாலும் வராது. சனிக்கிழமை சாயந்திரம் வேலை முடிந்தது. 24 கம்ப்யூட்டரிலும் நானே லாகின் செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

திங்கள் காலை அங்கிருந்து போன். மொத்தமும் படுத்துவிட்டது. ஓடினோம். கடைசிக் கம்ப்யூட்டர் மேனேஜரின் அறையில் இருந்தது. அதன் டியில் டெர்மினேட்டர் இல்லை. புதிதாக ஒன்றைப் போட்டதும் எல்லாம் எழுந்துகொண்டது. மேனேஜர், "உங்க பையன் மாட்டாமலே போயிருக்கான். எங்களுக்கு அரை நாள் நஷ்டம்" என்று குதித்தார். பையன், "மாட்டினேன் சார், திருகிப் பாத்தேன் சார்" என்றான். "அப்ப யாரு கழட்டினது, பேயா?" என்றார் அவர். மாட்டாமல் இருந்திருந்தால் சனிக்கிழமை எனக்கு எப்படி லாகின் ஆகியிருக்கும்? வாயைத் திறந்தேன். முதலாளி என் காலை மிதித்தார். பில் பாஸாக வேண்டும். மூடிக்கொண்டேன். அன்று சாயந்திரம் பையனுக்கு இரண்டு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அதே அலுவலகம், அதே கதை. இந்தமுறை தனியாகப் போனேன். கையில் மல்டிமீட்டர். நடுவில் ஒரு டியைக் கார்டிலிருந்து கழற்றி, நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளந்தால், இரண்டு முனையிலும் மூடி இருக்கும்போது சுமார் 25 ஓம் காட்ட வேண்டும். இரண்டு 50 பக்கவாட்டில் சேர்ந்தால் 25 அல்லவா? 50 காட்டியது. ஒரு மூடி இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து அளந்தேன். மேனேஜர் அறைப் பக்கம்தான்.

மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய மேஜை ஜன்னல் பக்கம் ஒரு அடி நகர்ந்திருந்தது. முதுகில் துருத்திக்கொண்டிருந்த மூடி சுவரில் இடிக்குமே என்று எடுத்திருக்கிறார். எங்கே வைத்திருப்பார் என்று பியூனைக் கேட்டேன். "இதுவா சார்?" என்று மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒன்றல்ல, இரண்டு.

ஒன்றை எடுத்து டியில் மாட்டினேன். இன்னொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜரிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளியிடம் மட்டும் சொன்னேன். "முடிஞ்சு போன விஷயம். விடு" என்றார். விட்டுவிட்டேன். பையனின் விலாசம்கூட என்னிடம் இல்லை. எனக்கு அப்போது மாதம் 1,800 ரூபாய் சம்பளம், ஊரில் தங்கச்சி கல்யாணக் கடன். காரணம் இருந்தது. காரணம் இருந்தால் சரியாகிவிடுமா என்ன?

எரிகிற விளக்கு

1990ல் ஐட்ரிபிள்இ புதுத் தரம் ஒன்றைக் கொண்டுவந்தது. 10பேஸ்-டி. டி என்றால் முறுக்கிய ஜோடிக் கம்பி, டெலிபோன் வயரின் உறவு. ஆர்ஜே-45 என்று நாம் எல்லாரும் சொல்லும் அந்தக் கண்ணாடி மூக்கு. இதில் கோத்துக்கொண்டு போவதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு மேஜையிலிருந்தும் தனித்தனி வயர், 100 மீட்டருக்குள், நடுவில் இருக்கும் ஹப் என்ற பெட்டிக்கு வரும். அந்த அலுவலகம் 1999ல் இதற்கு மாறியது. மாற்றியதும் நாங்கள்தான்.

வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த வரிசையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இப்போதும் சொல்வேன். எட்டுக் கம்பியில் அன்றைய ஈதர்நெட்டுக்கு வேலை செய்தது நான்குதான்: 1, 2, 3, 6.

ஹப் ஒன்றும் புத்திசாலி அல்ல. ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளையிலும் கத்திவிடும். மோதல் பழையபடியே உண்டு. ஆனால் ஒரு விஷயம் மாறியது. ஒரு வயர் பிடுங்கப்பட்டால் அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் போகும். மற்ற இருபத்து மூன்றும் ஓடும். அதோடு, ஒவ்வொரு துளைக்கும் ஒரு பச்சை விளக்கு. யாரும் எதுவும் பேசாத நேரத்திலும் இரண்டு முனையும் சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை "இருக்கேன், இருக்கேன்" என்று ஒரு சின்னத் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வரும் வரை விளக்கு எரியும். வராவிட்டால் அணையும்.

அந்த முதல் ஹப்பை மாட்டிவிட்டு, 24 பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் அறை வயரைப் பிடுங்கினால் மேனேஜரின் விளக்கு மட்டும் அணையும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். இது இரண்டு வருஷம் முன்னால் இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு இரண்டு வாரக் கூலி போயிருக்காது. இன்ஜினியரிங் புத்தகங்கள் இதைப் பழுதைத் தனிப்படுத்துதல் என்று சொல்லும். எனக்கு அது சாட்சி. பொய் சொல்லத் தெரியாத ஒரு சாட்சி.

கல்பனா

ஹப்பின் கத்தலுக்கு முடிவு கட்டிய பெட்டிக்குப் பெயர் சுவிட்ச். அதன் கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். இந்திய வம்சாவளிக்காரரான வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் என்பவரோடு சேர்ந்து 1987ல் கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி தொடங்கினார். மனைவியின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்: கல்பனா. 1990ல் அவர்கள் விற்ற ஈதர்சுவிட்ச்சில் ஏழு துளை. 1994ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கியது.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது? நம்ம அபார்ட்மெண்ட் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட்டில் ஒரு பிறவிப் பெயர் வைத்துவிடுகிறார்கள். மேக் முகவரி என்பது அதுதான். முதல் பாதி கம்பெனியின் குலப்பெயர், மறுபாதி சொந்தப் பெயர். புது வாட்ச்மேனுக்கு யார் எந்த வீடு என்று தெரியாது. முதல் தடவை எல்லா மாடிக்கும் குரல் கொடுப்பார். பதில் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்வார். அடுத்த தடவை அந்த வீட்டுக் கதவை மட்டும் தட்டுவார். சுவிட்ச் செய்வதும் இவ்வளவே. மோதலும் இல்லை, ஊருக்கே கேட்கும் கத்தலும் இல்லை.

வாட்ச்மேனையும் கிறுக்காக்கலாம். ஒரே வயரின் இரண்டு முனையையும் சுவிட்ச்சில் சொருகினால், குரல் கொடுத்தது சுற்றிச் சுற்றி வந்து மொத்த நெட்வொர்க்கும் திணறிவிடும். இதற்கு 1985லேயே மருந்து கண்டுபிடித்தவர் டிஜிட்டல் கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. சுற்று இருக்கிறதா என்று பெட்டிகளே தங்களுக்குள் பேசி, ஒரு வழியை அடைத்துவிடும்.

மறுபடி காற்று

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. 256 கேபிபிஎஸ்தான். ஆனாலும் டயல்-அப் கிறீச்சலிலிருந்து விடுதலை. ஒரு பிளானில் ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டவர்கள் கை தூக்குங்கள் :-)

அந்தச் சமயத்தில்தான் ரௌட்டர் என்ற பெட்டி நம் வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்கு வெளியிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு முகவரி. உள்ளே நாலு சாமான். ரௌட்டர் ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் விலாசம் கொடுக்கும். 192.168 என்று தொடங்குமே, அது. இப்படி வீட்டுக்குள் மட்டும் புழங்கும் எண்களை 1996ல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதனால்தான் உங்கள் வீட்டிலும் 192.168, என் வீட்டிலும் 192.168. பத்து ஊரில் காந்தி தெரு இருப்பது போல. வெளியே கடிதம் போகும்போது ரௌட்டர் தன் விலாசத்தைப் போட்டு அனுப்பும். பதில் வந்ததும், கேட்டது யார் என்று பார்த்து உள்ளே கொடுக்கும்.

அதே 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் வெளியிடங்களிலும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. வைஃபை வீடுகளில் பரவத் தொடங்கிய காலம். தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழகக்காரர்களோடு சேர்ந்து, இதே வைஃபையைத் திசை ஆன்டெனா வைத்துப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இழுத்தது. கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணை, டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் திரையில் பார்த்துப் பேசினார். எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, இந்த வயர் வேலையிலேயே பெருமையாக இருந்த செய்தி அது.

2006ல் ஒரு நாள். பிடிஎம் லேஅவுட்டில் ஆபீஸ் வண்டி நின்றது. அப்போது பெங்களூரில் உள்ளூர் நெட்காரர்கள் வயரை மரத்துக்கு மரம் கட்டித்தான் இழுப்பார்கள். ஒரு மரத்தில் ஏணி சாய்ந்திருந்தது, மேலே ஒருவர் வயர் கட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பியதும் தெரிந்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பையன். ஆள் பருத்திருந்தான். கீழே இரண்டு பையன்கள் அவனிடம் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இறங்கிப் போனேன். அவனுக்கும் அடையாளம் தெரிந்தது. பக்கத்துக் கடையில் டீ சொன்னான். டிராயரில் இருந்த இரண்டு மூடியைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது வருஷம் கழித்து.

"தெரியும்ணா. அந்த ஆளு ரூம்லதான் கடைசியா மாட்டினேன். நான்தான் சொன்னேனே. யாரு கேட்டாங்க?"

"நான் சொல்லியிருக்கணும்."

அவன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "டீ ஆறுதுணா" என்றான்.

டீக் காசை அவனே கொடுத்தான். அதன்பின் பார்க்கவில்லை.

நட்சத்திரம்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். யோசித்துப் பார்த்தால் வைஃபை என்பது ஹவாய்க்கே திரும்பிப் போனதுதான். பொதுக் காற்று. கேட்டுவிட்டுப் பேச வேண்டும், குழம்பினால் பொறுத்து மறுபடி பேச வேண்டும். பக்கத்து வீட்டுப் பெட்டியும் அதே காற்றில்தான் பேசுகிறது. எங்கள் மாடியில் மட்டும் பதினான்கு வைஃபை பெயர் தெரிகிறது. 2.4ல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. மூன்று பாயில் பதினான்கு பேர். ஆளுக்கொரு பச்சை விளக்கு கொடுத்த காலம் போய், எங்கே பிசகு என்று யாருக்கும் தெரியாத பழைய காலம் திரும்பியிருக்கிறது. தெரியாத இடத்தில் பழி யார் மேல் விழும்? மழையில் பைக்கில் வருகிறவன் மேல்.

மெசேஜை அப்படியே வைத்துவிட்டு, லேப்டாப்பை வயர் போட்டு நேராகப் பெட்டியில் சொருகினேன். பையன் தேர்வை அதில் எழுதச் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஒரு தடங்கல் இல்லை. ஆக, லைன் சரி. அவன் சொன்னதுதான் சரி. பிறகு பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். முந்தின நாள் புது அலமாரி வந்தபோது, ஹாலில் துருத்திக்கொண்டு அசிங்கமாக இருக்கிறதே என்று அதை டிவிக்குப் பின்னால், மரப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே தள்ளிவிட்டிருக்கிறார்கள். தள்ளியது யார்? வேறு யார், நான்தான். 1997ல் மேனேஜர் மேஜையை நகர்த்தினார். இந்தத் தடவை அலமாரியை நகர்த்தியது நான்.

பெட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். நெட் ஓடியது. ஐந்து நட்சத்திரம் போட்டேன். அதோடு அந்தப் பையனின் நம்பருக்குப் போன் செய்து, "தம்பி, நீங்க சொன்னதுதான் சரி, தப்பு என் மேலதான்" என்று சொன்னேன். ஒரு வினாடி சத்தமே இல்லை. அப்புறம், "பரவால்லங்கண்ணா, இப்படி யாரும் திருப்பிக் கூப்பிட்டதே இல்ல" என்றான்.

நண்பர்களே, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவோடு பேசும்போது படம் உறைந்து நின்றால் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் பெட்டியின் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளி நின்றிருக்கிறது, கம்பெனிக்குப் போன் போடுங்கள். அது அணைந்து, பிஓஎன் பச்சையாக நின்றால் அந்த லைன் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்தது, வயர் போட்டுப் பாருங்கள். வயரில் சரியாக ஓடினால் கோளாறு வீட்டுக்குள், காற்றில். பெட்டியைத் திறந்த இடத்தில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். இதெல்லாம் பத்து நிமிட வேலை. யாரையாவது திட்ட வேண்டும் என்றால் அதற்கு அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

அந்த இன்னொரு டெர்மினேட்டர் இப்போதும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. போன வாரம் பையன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, பேனா மூடியா?" என்றான். உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். கடைசியில் ஒன்று கேட்டான்: "அந்த ரெண்டு வாரக் கூலிய அவருக்குத் திருப்பிக் கொடுத்தாங்களாப்பா?"

இல்லை.